மெடிகேரும் மெடி-காலும் சேர்ந்திருக்கும் அம்மாவுக்குத் தனித் திட்டம் தேவையா?

கேள்வி இது: "கலிஃபோர்னியா சன்னிவேலில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. மதுரையிலிருந்து வந்து கிரீன் கார்டில் இருந்தார், பிறகு குடியுரிமை வாங்கினார். இங்கே வேலை பார்த்ததில்லை. மெடிகேர், மெடி-கால் இரண்டும் இருக்கின்றன. சர்க்கரையும் சிறுநீரகத் தொந்தரவும் உண்டு. இரண்டும் இருப்பவர்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது, பல், கண்ணாடி எல்லாம் இலவசம், மாதாமாதம் மளிகைக்கு கார்டும் உண்டு என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சேர்க்கலாமா?"

சேர்க்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். ஆனால் மளிகைக் கார்டுக்காகச் சேர்க்காதீர்கள். இந்த வாரம் கையெழுத்துப் போட வேண்டிய அவசரமும் இல்லை. நான் பல வருடங்களாக மெடிகேர் ஆலோசனையில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒருமுறை அவசரப்பட்டுச் சேர்ந்து அவதிப்பட்டிருக்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முழுதாக இருக்கும் ஒருவருக்குச் செலவு ஏற்கனவே ஏறக்குறைய பூஜ்யம்தான். புதுத் திட்டம் வந்து அதை இன்னும் குறைக்க முடியாது. அது குறைக்க வேண்டியது அலைச்சலை. ஏஜென்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாமே இங்கிருந்துதான் தொடங்கும்.

அலைச்சல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். மெடிகேரும் மெடிகெய்டும் ஒரே நாளில், ஒரே சட்டத்தில் பிறந்தவை. 1965 ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். மெடிகேர் மத்திய அரசின் திட்டம், வயதையும் உடல் ஊனத்தையும் பார்த்துத் தருவது. மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போட, மாநிலம் நடத்துகிறது. கலிஃபோர்னியாவில் அதற்குப் பெயர்தான் மெடி-கால். இரண்டுக்கும் விதிகள் வேறு, அலுவலகம் வேறு, பணப்பை வேறு. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும்போது, "இது அவர்கள் தர வேண்டியது" என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் இப்படி இரண்டும் உள்ளவர்கள் 1.2 கோடிக்கும் மேல்.

சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நடமாட அவசியம் என்றால்தான் மெடிகேர் தரும். வெளியே போய்வரத் தேவை என்றால் மெடி-கால் தரக்கூடும். ஆனால் மெடி-கால் எப்போதுமே கடைசியாகப் பணம் கட்டும் இடம். மெடிகேர் முதலில் மறுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். மெடிகேரோ பல சமயம் பொருளைக் கொடுத்து பில் போட்ட பிறகுதான் ஆமாம், இல்லை என்று சொல்லும். பணம் வருமா என்று தெரியாமல் கடைக்காரர் நாற்காலியைக் கொடுக்கமாட்டார். மாதக்கணக்கில் சோபாவிலேயே உட்கார்ந்திருந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவருக்கு இருப்பது முழு மெடி-காலா, அல்லது மெடிகேர் பிரீமியத்துக்கு மட்டும் உதவும் பாதித் திட்டமா என்பது. ஏஜென்ட் இரண்டையும் ஒரே வாயால் "டூயல்", அதாவது இரண்டும் உள்ளவர், என்று சொல்லிவிடுவார். இரண்டும் ஒன்றல்ல.

மெடிகேர் சேமிப்புத் திட்டங்கள் என்று சில படிகள் இருக்கின்றன. அதில் மிகவும் உதவுவது கியூ.எம்.பி. 2025-ல் தனி ஆளுக்கு மாத வருமானம் 1,325 டாலருக்குள், தம்பதிக்கு 1,783 டாலருக்குள் இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் இது கிடைத்தது. இதில் பார்ட் பி (டாக்டர் செலவுக்கான மெடிகேர் பகுதி) பிரீமியம், மெடிகேர் பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்டவேண்டிய டிடக்டிபிள், அதன் பிறகு நம் தலையில் விழும் 20 சதவீதப் பங்கு எல்லாவற்றையும் மாநிலம் ஏற்கும். உங்கள் அம்மாவைப் போல இங்கே வேலை பார்க்காதவர்களுக்கு இன்னொரு பெரிய உதவியும் இதில் உண்டு. பத்து வருட வேலைக் கணக்கு, அதாவது 40 காலாண்டுகள், சொந்தமாகவோ கணவன் அல்லது மனைவி மூலமாகவோ இல்லாதவர்களுக்கு மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ இலவசமல்ல. 2025-ல் அதன் விலை மாதம் 518 டாலர் வரை. கியூ.எம்.பி. அதையும் கட்டிவிடும். 2025 ஜனவரியில் கலிஃபோர்னியா இதற்கான மத்திய அரசு ஒப்பந்த முறைக்கு மாறியபிறகு பார்ட் ஏ-யில் சேர்வது முன்பைவிட எளிதாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கதவுக்காகக் காத்திருக்கும் தொல்லை இல்லை.

கியூ.எம்.பி.க்கு மேலே எஸ்.எல்.எம்.பி., கியூ.ஐ. என்று இரண்டு படிகள் உண்டு. அவை பார்ட் பி பிரீமியத்தை மட்டும் கட்டும். அந்தப் பிரீமியம் 2025-ல் மாதம் 185 டாலர், 2026-ல் 202.90 டாலர். அதுவும் நல்ல உதவிதான். ஆனால் மருத்துவமனைப் பங்குத்தொகையை அவை தொடாது. மெடி-காலின் பல் வைத்தியமோ வீட்டுப் பராமரிப்போ அவற்றில் கிடையாது. இந்தப் படிகளில் மட்டும் இருப்பவருக்கு நான் சொல்லும் பதில் வேறாக இருக்கும்.

அம்மாவுக்கு முழு மெடி-கால், மாதாமாதம் கைக்காசு கட்டவேண்டிய பங்கு (ஷேர் ஆஃப் காஸ்ட்) எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். கவுன்டி அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டு இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். "முழு மெடி-காலா? ஷேர் ஆஃப் காஸ்ட் இருக்கிறதா? கியூ.எம்.பி. இருக்கிறதா?" இந்த மூன்று கேள்வி போதும்.

முழு மெடி-கால் என்றால், எந்தத் திட்டத்திலும் சேராமலே இன்று அவர் கையில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். டாக்டர், மருத்துவமனைச் செலவில் மெடிகேர் தன் பங்கைக் கட்டும், மீதியை மெடி-கால் பார்த்துக்கொள்ளும். மருந்துக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்ற மத்திய அரசு உதவி தானாகவே வந்துவிடும், தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 2025-ல் வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு ஜெனரிக் மருந்துக்கு 1.60 டாலரும் பிராண்டு மருந்துக்கு 4.80 டாலரும்தான். அந்த ஏஜென்ட் பெருமையாகச் சொன்ன பல், கண்ணாடி? மெடி-காலில் பெரியவர்களுக்கான பல் வைத்தியம் 2018 முதல் மறுபடியும் முழுமையாக இருக்கிறது, மூக்குக்கண்ணாடி 2020 முதல். காது கேட்கும் கருவியும், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டியும்கூட மெடி-காலில் உண்டு. திட்டத்தில் சேர்ந்தால் சில சமயம் இதற்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இல்லாத ஒன்றைப் புதிதாகத் தருவதுபோல் சொல்வது சரியல்ல.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. கியூ.எம்.பி. உள்ளவரிடம் மெடிகேர் தரும் சிகிச்சைக்கு டிடக்டிபிளோ 20 சதவீதமோ கேட்டு பில் அனுப்புவது மத்திய சட்டப்படி கூடாது. அவர்கள் கேட்டு, நாமும் பயந்து கட்டிவிடுகிறோம். கட்டாதீர்கள். "இவர் கியூ.எம்.பி., நீங்கள் பில் அனுப்பக் கூடாது" என்று பில்லிங் ஆபீசுக்குச் சொல்லுங்கள். ஏற்கனவே கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் வசூல் கம்பெனிக்கு அனுப்பினால் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் சொல்லுங்கள். சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் இந்த உரிமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பல மாநிலங்கள் அந்த 20 சதவீதத்தை டாக்டருக்கு முழுதாகக் கொடுப்பதில்லை. மெடிகெய்டின் சொந்த விலை மெடிகேர் கொடுத்த 80 சதவீதத்தைவிடக் குறைவாக இருந்தால், மேற்கொண்டு கொடுக்க ஒன்றுமில்லை என்று விட்டுவிடலாம். டாக்டருக்கு 80 கையில் வரும், 20 போய்விடும். அதனால் சில டாக்டர்கள் இப்படிப்பட்ட புது நோயாளிகளை எடுக்கத் தயங்குகிறார்கள். "அம்மாவுக்கு இரண்டும் இருக்கிறது, எந்த டாக்டரும் ஓடிவந்து பார்ப்பார்" என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். திட்டத்தில் சேர்வதற்கான நியாயமான காரணங்களில் இதுவும் ஒன்று. திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அதோடு ஒப்பந்தம் போட்டவர்களின் பட்டியலில், இருக்கும் டாக்டர் கியூ.எம்.பி. என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது.

இப்போது ஏஜென்ட் சொன்ன திட்டம். அதன் பெயர் டி-ஸ்னிப். மெடிகேர் அட்வான்டேஜ் வகையைச் சேர்ந்தது, அதாவது மெடிகேரை ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம் அரசுக்குப் பதிலாக நடத்துவது. இரண்டும் உள்ளவர்கள் மட்டுமே சேரக்கூடியது. 2003-ல் வந்த மெடிகேர் சட்டத்தில் இதற்கு வழி திறந்தார்கள், 2018-ல்தான் நிரந்தரமாக்கினார்கள். ஒவ்வொரு டி-ஸ்னிப்பும் மாநில மெடிகெய்டோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சில டி-ஸ்னிப்புகள் மெடிகேரை மட்டும் நடத்தும். மெடிகெய்ட் வேறு கம்பெனியிடம் இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மாநிலத்துக்குத் தகவல் அனுப்புவது போன்ற சில கடமைகளோடு "ஒருங்கிணைப்பு" முடிந்துவிடும். அலைச்சல் அப்படியே இருக்கும், கையில் கார்டு மட்டும் ஒன்று கூடும். அடுத்த வகையில் மெடிகெய்டின் ஒரு பெரிய பகுதியையும் அதே நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ நடத்தும். முழுதாக ஒன்றிய வகையில் மெடிகேர், மெடிகெய்ட், நீண்டகாலப் பராமரிப்பு எல்லாம் ஒரே நிறுவனத்திடம், ஒரே பொறுப்பில். நியூ ஜெர்சியில் இருக்கும் டி-ஸ்னிப்புகள் இந்த வகை. மாசசூசெட்சில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு சீனியர் கேர் ஆப்ஷன்ஸ் என்று 2004 முதல் நடக்கிறது. மினசோட்டா இதில் எல்லோருக்கும் முன்னோடி, 1997-லேயே தொடங்கிவிட்டது.

இந்த யோசனைக்கு வேர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனிலும் நார்த் பீச்சிலும் வயதான சீன, இத்தாலிய, ஃபிலிப்பினோ பெரியவர்களுக்கு முதியோர் இல்லம்தான் வழி என்ற நிலை வந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் 'ஆன் லோக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கான்டனீஸ் மொழியில் அமைதியான, மகிழ்ச்சியான வீடு என்று பொருள். காலையில் வண்டி வந்து அழைத்துப் போகும், அங்கேயே டாக்டர், சாப்பாடு, உடற்பயிற்சி, பேச்சுத்துணை, மாலையில் வீடு. இரண்டு அரசுப் பணமும் ஒரே பானையில் விழும். அந்த முறைதான் 'பேஸ்' என்ற பெயரில் 1997-ல் மெடிகேரின் நிரந்தரப் பகுதியானது. வயது 55 அல்லது அதற்கு மேல், முதியோர் இல்லத்தில் சேர்க்கும் அளவுக்குப் பராமரிப்பு தேவைப்படுபவர்கள், ஆனால் வீட்டிலேயே பத்திரமாக இருக்க முடிந்தவர்கள் சேரலாம். ஆன் லோக் சான்டா கிளாரா கவுன்டியிலும் இயங்குகிறது. அம்மா இன்று அந்த நிலையில் இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புலம்பெயர்ந்து வந்த, ஆங்கிலம் வராத பெரியவர்களுக்காகப் பிறந்தது அது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இவ்வளவு பொருத்தமான ஒன்றை நம் ஆட்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

கலிஃபோர்னியாவில் ஒன்றிய வகைக்கு 'மெடி-மெடி' திட்டம் என்று பெயர். 2023-ல் ஏழு கவுன்டிகளில் தொடங்கியது, அதில் உங்கள் சான்டா கிளாராவும் ஒன்று. இதில் சேர்ந்தால் அம்மாவின் மெடி-கால் திட்டமும் அதே நிறுவனத்துக்கு மாறும். ஒரே உறுப்பினர் சேவை எண், ஒரே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். ஏதாவது மறுத்தால் மேல்முறையீடும் ஒரே இடத்தில். ஏற்கனவே அனுமதித்த ஒரு சேவையை நிறுத்தினால், உரிய நாளுக்குள் மேல்முறையீடு போட்டால் முடிவு வரும்வரை அந்தச் சேவை தொடர வேண்டும். நான் மேலே சொன்ன சக்கர நாற்காலிக் கதை இதில் நடக்க வழியில்லை. மெடிகேரா மெடி-காலா என்று கைகாட்ட அங்கே இன்னொரு கை இல்லை.

ஆகவே ஏஜென்டிடம் முதல் கேள்வி: "இது மெடி-மெடி திட்டமா? அம்மாவின் மெடி-காலையும் நீங்களே நடத்துவீர்களா?" நேராக ஆம் என்று வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டும் உள்ளவர்களைக் குறிவைத்து, ஆனால் டி-ஸ்னிப் கடமைகள் எதுவுமே இல்லாமல், சாதாரண மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களை விற்றவர்களும் இருந்தார்கள். உறுப்பினர்களில் 80 சதவீதத்துக்கு மேல் இரண்டும் உள்ளவர்களாக இருந்தால் அப்படிப்பட்ட திட்டத்தை ஏற்பதில்லை என்று 2023 முதல் மத்திய அரசு நிறுத்தியது. 2025-ல் அந்த வரம்பை 70 ஆக்கி, 2026-ல் 60 ஆக்கியிருக்கிறார்கள். குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

எங்கள் வீட்டுக் கதை இதுதான். சில வருடங்களுக்கு முன் என் மாமியார் ஒரு கூட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மருந்துக்கடைச் சாமான் வாங்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் தருகிறார்களாம். எங்களுக்கே அடுத்த மாதம் கார்டு தபாலில் வந்தபோதுதான் தெரியும். ஆறு வருடமாக அவரைப் பார்த்துவந்த சிறுநீரக டாக்டர் அந்த நெட்வொர்க்கில் இல்லை. நெட்வொர்க்கில் இருந்தவரிடம் நேரம் கிடைக்க ஏழு வாரம் ஆனது, அதற்கும் முதலில் ரெஃபரல், அதாவது முதன்மை டாக்டரின் பரிந்துரை, வாங்க வேண்டும். மெடிகெய்ட் வேறு கம்பெனியிடம் இருந்ததால் வண்டி ஏற்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு பக்கமும் தெரியவில்லை. கார்டில் வாங்கியது வைட்டமின் மாத்திரையும் ஒரு ரத்த அழுத்தக் கருவியும். அந்தக் கருவி இன்னும் வீட்டில் இருக்கிறது. பழைய டாக்டரிடம் மறுபடி போய்ச் சேர நாலு மாதம் ஆனது, அதற்குள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிவிட்டது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மகனிடம் காசு கேட்காமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், அம்மாவின் சிறுநீரக டாக்டர் பெயரை முதலில் பாருங்கள். திட்டத்தின் இணையப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், அவை பழையதாக இருக்கும். டாக்டர் ஆபீசுக்கே ஃபோன் செய்து திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, "இந்த வருடம் இதை எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். கம்பெனியின் பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனி ஐந்து திட்டம் வைத்திருக்கும், டாக்டர் அதில் இரண்டைத்தான் எடுப்பார். முதன்மை டாக்டர், சிறுநீரக டாக்டர், கண் டாக்டர், வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை லேப் எல்லாவற்றுக்கும் இதைச் செய்யுங்கள். மருந்துகளின் பெயரை அளவோடு எழுதிக்கொண்டு அவை பட்டியலில் இருக்கின்றனவா, முன் அனுமதி கேட்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரு மதியம் பிடிக்கும் வேலை.

இங்கே கலிஃபோர்னியாவில் நிறையப் பேர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் இப்போதே ஒரு மெடி-கால் திட்டத்தின் கார்டு இருக்கும். 2023 முதல் இரண்டும் உள்ளவர்கள் மாநிலம் முழுவதும் ஏதாவது ஒரு மெடி-கால் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு "உங்கள் டாக்டர் அந்த மெடி-கால் நெட்வொர்க்கில் இல்லையே, மாற வேண்டும்" என்று யாராவது சொன்னால் அது தவறு. மெடிகேர் தனியார் திட்டத்துக்கு மாறாமல் சாதாரண வடிவில் இருக்கும்வரை, மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். அவர் மெடி-கால் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்க வேண்டியதில்லை.

மளிகைக் கார்டைப் பற்றி. அது பொய்யல்ல. சில திட்டங்கள் தருகின்றன. ஆனால் எல்லோருக்கும் இல்லை. மளிகை போன்றவை பொதுவாக நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கான சிறப்புச் சலுகை என்ற தலைப்பில் வருபவை. வருமானம் குறைவு என்பதை மட்டும் வைத்துக் கொடுக்க வழிவிட்ட சோதனை முறை ஒன்று 2025 முடிவில் நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் தகுதி இருக்கலாம், டாக்டரின் உறுதிமொழி கேட்பார்கள். எந்தக் கடை, எந்தச் சாமான், மாதம் முடிந்தால் மீதி போய்விடுமா என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தச் சலுகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த வருடம் இருப்பது ஜனவரியில் பாதியாகலாம்.

நீண்டகாலப் பராமரிப்புதான் எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை. மெடிகேர் முதியோர் இல்லச் செலவை ஏற்காது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்த பிறகு, தேறுவதற்காக ஒரு தடவைக்கு 100 நாள் வரைதான். குளிப்பாட்ட, சமைக்க, கைப்பிடித்து நடக்க வைக்க நீண்டகாலம் பணம் தருவது மெடிகெய்ட்தான். கலிஃபோர்னியாவில் ஐ.எச்.எஸ்.எஸ். என்ற வீட்டுப் பராமரிப்புத் திட்டம் மெடி-காலோடு வருகிறது. அதில் சொந்த மகளோ மகனோ மருமகளோ பராமரிப்பாளராகப் பதிவு செய்து மணிக்கணக்குச் சம்பளம் வாங்கலாம். கவுன்டி ஆள் வீட்டுக்கு வந்து எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்வார். அம்மாவுக்காக வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்ட மகள்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், இது தெரியாமலே. அம்மாவுக்கு இப்போதே குளியலுக்கும் மருந்துக்கும் உதவி தேவை என்றால், டி-ஸ்னிப் முடிவு காத்திருக்கட்டும், இதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். இது மெடி-மெடி திட்டத்துக்கு வெளியே கவுன்டியே நடத்துவது. மெடி-மெடி திட்டத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கிடைக்கும்.

ஊருக்குப் போவது பற்றியும் யோசியுங்கள். மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மெடிகேரும் மெடி-காலும் கொடுக்காது. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்துகொண்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை நீக்கிவிடுவார்கள். அம்மாவுக்கு எஸ்.எஸ்.ஐ. என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான மத்திய அரசு உதவித்தொகை வருகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. தொடர்ந்து 30 நாள் நாட்டுக்கு வெளியே இருந்தால் அது நின்றுவிடும், திரும்பி வந்து மறுபடி 30 நாள் இங்கே இருந்த பிறகுதான் தொடரும். கவுன்டிக்குச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சொல்லாமல் போய், பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தவர்கள் உண்டு.

சேர்ந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால்? அந்த பயம் வேண்டாம். 2025 முதல் விதி இப்படி: இரண்டும் உள்ளவர்கள் எந்த மாதமும் மெடிகேர் அட்வான்டேஜை விட்டு வெளியேறி, சாதாரண மெடிகேரும் தனி மருந்துத் திட்டமுமாகத் திரும்பலாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும். முழு மெடிகெய்ட் உள்ளவர்கள் தங்கள் மெடிகெய்டோடு ஒன்றிய டி-ஸ்னிப்புக்குள் எந்த மாதமும் நுழையவும் செய்யலாம். ஆனால் ஒரு சாதாரண அட்வான்டேஜ் திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு முன்புபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாவ முடியாது. அதற்கு அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை போன்ற பொதுவான காலங்கள்தான். ஏஜென்ட் "இன்றே கடைசி நாள்" என்று சொன்னால் இதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். நீங்கள் கேட்காமல் அவராக ஃபோன் செய்வதும் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவதும் விதிப்படி கூடாது. நேரில் உட்கார்ந்து பேசுவதற்கு எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மெடி-கால். அது போனால் டி-ஸ்னிப்பும் போய்விடும். திட்டங்கள் ஒன்று முதல் ஆறு மாதம் வரை அவகாசம் தரும், அவ்வளவுதான். வருடா வருடம் கவுன்டியிலிருந்து புதுப்பிப்புக் கவர் வரும். ஆங்கிலத்தில் வந்த காகிதம் என்று அம்மா மேசை இழுப்பறையில் போட்டுவைத்துவிடுவார். கோவிட் கால விலக்கு முடிந்து 2023 ஏப்ரலில் மறுபடி சரிபார்க்கத் தொடங்கியபோது, நாடு முழுவதும் தகுதி இருந்தும் இந்தக் காகிதத்தால் இழந்தவர்கள் ஏராளம். கவுன்டியில் உங்கள் பெயரை அம்மாவின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியாகப் பதிந்துவிடுங்கள், உங்களுக்கும் கடிதம் வரும். 2024-லும் 2025-லும் மெடி-காலில் சொத்து வரம்பே இல்லாமல் இருந்தது. 2026 ஜனவரி முதல் தனி ஆளுக்கு 1,30,000 டாலர் வரம்பு மறுபடி வந்திருக்கிறது. குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் வராது. ஊரில் அம்மா பெயரில் இருக்கும் மனையும் வங்கி வைப்பும் சொத்துதான், கேட்கும் இடத்தில் எழுதிவிடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டால்: சிறுநீரக டாக்டரும் ஆஸ்பத்திரியும் ஒரு மெடி-மெடி திட்டத்தில் இருந்தால், அதில் சேர்ப்பேன். இரண்டு மூன்று டாக்டர்கள், நிறைய மருந்து, நடுவில் நீங்கள் வேலைக்குப் போகிறவர். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பது உண்மையிலேயே தோள் கொடுக்கும். சேர்ந்த முதல் வாரமே அவரைக் கூப்பிட்டுப் பெயரும் நேரடி எண்ணும் வாங்கிவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அம்மாவின் பதிவில் எழுதச் சொல்லுங்கள். அது இலவசம், கேட்பது உங்கள் உரிமை. டாக்டர் அறையில் நீங்களே மொழிபெயர்த்தால் அம்மா சில வலிகளை உங்களிடம் சொல்லமாட்டார். சிறுநீரக டாக்டர் அதில் இல்லை என்றால், சாதாரண மெடிகேரும் மெடி-காலுமாக அப்படியே விட்டுவிடுவேன். அதில் ஒரு குறையும் இல்லை.

கையெழுத்துக்கு முன் ஹைகேப் ஆலோசகர் ஒருவரிடம் ஒருமுறை பேசுங்கள். கலிஃபோர்னியாவில் மெடிகேர் ஆலோசனை தரும் அரசு சார்ந்த இலவச சேவை அது, மற்ற மாநிலங்களில் ஷிப் என்ற பொதுப் பெயரில் இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை, கமிஷன் கிடையாது. போகும்போது அம்மாவின் சிவப்பு-வெள்ளை-நீல மெடிகேர் கார்டு, மெடி-கால் கார்டு, மருந்துப் பட்டியல், டாக்டர்களின் பெயர்கள், ஏஜென்ட் கொடுத்த காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.